முடியப்பன் (எ) ஸ்டீபன்

என் அப்பாவின் பெயரை நான் மாற்றினேன். அவர் உயிரோடும் நல்ல நினைவோடும் இருந்தபோதே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றினேன். ஞானஸ்நானத்தில் அவருக்கு இட்ட பெயர் முடியப்பன். நான் ஊருக்குச் சொன்ன பெயர் ஸ்டீபன். பாவசங்கீர்த்தனத்தில் இதை ஒருநாளும் சொன்னதில்லை. பொய், கோபம், பொறாமை என்று வரிசையாக ஒப்பித்துப் பழகிய வாய்க்கு, இதையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்கினார். நடுராத்திரிக்கு மேல் லாரிகள் வரும். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்து, அதன்மேல் தக்காளிக் கூடையோ வெங்காய மூட்டையோ ஏற்றிக்கொண்டு, லாரிக்கும் மண்டிக்கும் இடையே விடியும்வரை நடப்பார். நான் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்குத்தான் அவர் வீடு திரும்புவார். உச்சந்தலையில் ஓர் இடத்தில் மட்டும் அவருக்கு முடி இருக்காது. சும்மாடு தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிவிட்ட இடம் அது.

பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரைச் சொன்னாலே வகுப்பு சிரிக்கும். "முடியப்பன் மகனால முடியாதப்பா" என்று ஒருவன் ஆரம்பித்தான். கணக்கில் தவறினாலும், ஓட்டப் பந்தயத்தில் பின்தங்கினாலும் அந்த வாக்கியம் வந்து நிற்கும். அப்பா ஒருநாள் எனக்குச் சோறு கொண்டுவந்தபோது அவருடைய உச்சந்தலையைப் பார்த்துவிட்டு, பெயருக்கும் தலைக்கும் முடிச்சுப் போட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பிள்ளைகள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. அன்று எனக்குக் கோபம் வந்தது அவர்கள் மேல் அல்ல. அப்பா மேல்.

ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் உபதேசியார்தான் எனக்கு வழி காட்டினார், அவர் அறியாமலே. முதல் மறைசாட்சியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், "முடியப்பரைத்தான் இங்கிலீஷில் ஸ்டீபன் என்பார்கள்" என்று போகிற போக்கில் சொன்னார். அந்த வாக்கியத்தை அப்படியே பிடித்துக்கொண்டேன். கல்லூரியில் முதல்நாள், அப்பா பெயர் என்ன என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டபோது "ஸ்டீபன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அந்த நிம்மதி எனக்குப் பழகிவிட்டது. சான்றிதழில் என் இனிஷியல் 'எம்'. மற்ற எல்லா இடத்திலும் 'எஸ்' ஆனது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அப்பாவுக்காக நான் நிரப்பிய விண்ணப்பங்களிலும் அந்தப் பெயரையே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டுவேன். 'மு' என்று தொடங்கித் தமிழில் போடுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கமாட்டார்.

கேட்டது ஒரே ஒரு தடவை. என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று. கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். வரிக்குக் கீழே விரல் நகரும். 'திரு. ஸ்டீபன்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது யாரு தம்பி?"

"நீங்கதாம்ப்பா. ரெண்டும் ஒரே பேருதான். இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்வாங்க."

"அப்படியா. அப்பச் சரி" என்றார். பத்திரிகையை மடித்துக் கட்டுக்குள்ளேயே திருப்பி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மார்க்கெட் ஆளுங்களுக்கு நான் வெத்தலை பாக்கு வெச்சு வாயால சொல்லிக்கிறேன். இந்தப் பேர்ல குடுத்தா யாரு வீட்டுக் கல்யாணம்னு அவங்களுக்குத் தெரியாது" என்றார். குரலில் வருத்தம் இருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இருந்ததாக நினைவில்லை. ஒரு காரியத்தை எப்படி நடத்துவது என்று யோசிக்கிறவரின் குரல்தான் அது. அதற்கு முந்தைய ஞாயிறுகளில் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தபோது, ஞானஸ்நானப் புத்தகத்தில் உள்ளபடி 'முடியப்பன் மகன்' என்றுதான் சாமியார் வாசித்தார். பெண் வீட்டார் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ரெண்டும் ஒரே பேருதான். அப்பாவிடம் சொன்ன அந்த வார்த்தையை வைத்துத்தான் என் மனசாட்சியையும் சமாளித்தேன். நான் பொய் சொல்லவில்லை, மொழியை மட்டும் மாற்றினேன் என்று. அவர் இறந்த பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு தூரம் உண்மை என்று தேடிப் பார்த்தேன். தேடியது எனக்குச் சாதகமாக அமையவில்லை.

ஸ்டீபன் இங்கிலீஷ் பெயரே அல்ல. அது ஸ்தெஃபனோஸ் என்ற கிரேக்கப் பெயர். ஸ்தெஃபோ என்ற வினைக்குச் சுற்றிக் கட்டுவது, சூழ வளைப்பது என்று பொருள். ஹோமரின் இலியத்தில், ஹெக்டரைச் சுற்றிப் போர் வளையமிட்டு எரிகிறது என்று சொல்லும் இடத்தில் ஸ்தெஃபனோஸ் என்ற சொல்தான் வருகிறது. அங்கே அது மகுடம் அல்ல, வளையம். பிறகுதான் தலையைச் சுற்றிக் கட்டும் இலைக் கண்ணிக்கு அது பெயரானது.

பொன்னாலான அரச கிரீடம் என்று இதை எண்ணிவிடக் கூடாது. அரசர் நெற்றியில் கட்டும் பட்டத்துக்குக் கிரேக்கத்தில் தனிச்சொல் உண்டு, தியதேமா. ஸ்தெஃபனோஸ் பெரும்பாலும் தழை. ஒலிம்பியாவில் வென்றவருக்குக் காட்டு ஒலிவக் கிளை, டெல்ஃபியில் லாரல், நெமியாவில் செலரித் தழை, கொரிந்துக்குப் பக்கத்தில் இஸ்த்மியாவில் பைன் தழை, ஒரு காலத்தில் காய்ந்த செலரி. இந்த நான்கு விழாக்களுக்கும் 'கண்ணிப் போட்டிகள்' என்றே பெயர். அவற்றில் பரிசாகப் பணம் கிடையாது. ஒலிம்பியாவில் அந்தக் கிளைக்கென்றே ஜீயஸ் கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒலிவ மரம் இருந்தது. தாயும் தந்தையும் உயிரோடு இருக்கும் ஒரு சிறுவன்தான் தங்க அரிவாளால் அதை வெட்ட வேண்டும் என்று பழைய உரைகாரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கி.மு. 480இல் பாரசீகப் படை கிரேக்கத்துக்குள் இறங்கியபோது நடந்ததாக ஹெரோடோட்டஸ் ஒரு செய்தி சொல்கிறார். கிரேக்கர்கள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாரசீகர்கள் விசாரித்தார்கள். ஒலிம்பிய விழா கொண்டாடுகிறார்கள் என்று பதில் வந்தது. பரிசு என்ன என்று கேட்டார்கள். ஒலிவ இலைக் கண்ணி என்றார்கள். பணத்துக்காக இல்லாமல் பெருமைக்காகப் போட்டியிடுகிறவர்களோடு போரிட நம்மைக் கூட்டிவந்தாயே என்று ஒரு பாரசீகப் பிரபு தன் தளபதியைப் பார்த்துச் சொல்லிவிட்டானாம். எல்லோருக்கும் முன்னால் வாயைத் திறந்ததற்கு அவனுக்குக் கோழை என்ற பழிதான் மிஞ்சியது.

அந்தக் கண்ணி கிரேக்கரின் அன்றாடத்தில் எங்கும் இருந்தது. ஆண் குழந்தை பிறந்தால் ஏதென்ஸில் வீட்டு வாசலில் ஒலிவக் கண்ணி தொங்கும். விருந்திலும் பலியிலும் திருமணத்திலும் தலையில் இருக்கும். பதவியில் இருப்பவருக்கு மிர்ட்டில் தழைக் கண்ணிதான் அடையாளம். அரிஸ்டோஃபனீஸின் நாடகம் ஒன்றில், புருஷன் சைப்ரஸில் செத்துப்போய், ஐந்து சின்னப் பிள்ளைகளோடு நிற்கும் ஒருத்தி வருகிறாள். கண்ணி கட்டி விற்றுத்தான் அவள் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறாள். ஏதென்ஸின் சொற்பொழிவாளர் டெமாஸ்தனிஸுக்குப் பொற்கண்ணி சூட்ட வேண்டும் என்று கி.மு. 336இல் ஒருவர் தீர்மானம் கொண்டுவர, அது சட்டப்படி செல்லாது என்று அவருடைய எதிரி ஈஸ்கினீஸ் வழக்குப் போட்டார். ஆறு வருஷம் கழித்து விசாரணை. ஈஸ்கினீஸுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குக்கூடக் கிடைக்கவில்லை, ஊரைவிட்டே போனார்.

என்னை மிகவும் பிடித்து நிறுத்தியது கிரேக்க எழுத்தாளர் செனஃபோனைப் பற்றிய செய்தி. தலையில் கண்ணியோடு அவர் பலி கொடுத்துக்கொண்டிருந்தபோது, மகன் கிரில்லஸ் மாண்டினேயா போரில் இறந்துவிட்டான் என்று ஆள் வந்து சொன்னான். அது கி.மு. 362. செனஃபோன் கண்ணியைக் கழற்றினார். வீரமாகப் போரிட்டு இறந்தான் என்று அடுத்த செய்தி வந்ததும் எடுத்து மறுபடியும் சூட்டிக்கொண்டார். மகன் பெயரால் தகப்பன் தலையில் ஏறிய கண்ணி. இதைப் படித்த அன்று என்னால் மேலே படிக்க முடியவில்லை.

இந்தச் சொல் மனிதருக்குப் பெயரானதும் பழைய கதைதான். பிளேட்டோவின் மேனோ உரையாடலில் ஒரு ஸ்தெஃபனோஸ் வருகிறார். பெரிக்ளிஸின் அரசியல் எதிரியாக இருந்த தூசிடிடீஸுக்கு இரண்டு பிள்ளைகள், மெலிசியாஸ், ஸ்தெஃபனோஸ். ஏதென்ஸிலேயே சிறந்த மல்லர்களாக இருவரையும் தகப்பன் வளர்த்தார். நற்குணத்தை மட்டும் கற்றுக்கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் அது கற்றுக்கொடுக்கக் கூடியதே இல்லையோ என்று சாக்ரடீஸ் வாதிடுகிறார். இன்னொரு ஸ்தெஃபனோஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டு வழக்கு ஒன்றில் வருகிறார். நியேரா என்ற அயலூர்ப் பெண்ணைச் சட்டப்படியான மனைவி என்று ஏமாற்றிக் குடும்பம் நடத்தியதாக அவர்மேல் குற்றச்சாட்டு. கி.பி. 96இல் ரோமப் பேரரசர் டொமிஷியனைக் குத்தியவரும் ஸ்தெஃபனோஸ்தான். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். மல்லன், வழக்காளி, விடுதலை பெற்ற அடிமை. அரசர்கள் இந்தப் பெயரைத் தேடி வந்தது பின்னால். ஹங்கேரியின் முதல் அரசர் இஷ்த்வான், 1217இல் முடிசூடிய செர்பியாவின் ஸ்டெஃபான் எல்லோரும் ஒரு புனிதரின் பெயரைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் புனிதரின் கதையைச் சிறுவயதில் கேட்டபோது கல்லெறிந்து கொன்றதுதான் மனசில் நின்றது. திருத்தூதர் பணிகள் நூலில் அவர் எதற்காக முதலில் வருகிறார் என்பதைக் கவனிக்கவே இல்லை. எருசலேமில் கிரேக்கம் பேசும் விசுவாசிகள், அன்றாடச் சாப்பாட்டுப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்களை விட்டுவிடுகிறார்கள் என்று முறையிட்டார்கள். பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர். பட்டியலில் முதல் பெயர் ஸ்தெஃபனோஸ். சோறு சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதற்காக நியமிக்கப்பட்டவர் அவர்.

அவர் பெயர் ஊர் ஊராகப் போனது. பிரெஞ்சில் எத்தியேன், ஸ்பானியத்தில் எஸ்தேபான், ரஷ்யனில் ஸ்தெப்பான், மலையாளத்தில் எஸ்தப்பான். போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு எஸ்தேவான் வந்தது, ஸ்தேவானும் ஆனது. 1578இல் ஜெனீவாவில் பிளேட்டோவின் நூல்களை அச்சிட்ட ஆன்றி எஸ்தியேனின் குடும்பப் பெயரும் இதுவே. பிளேட்டோவின் பக்க எண்களை இன்றும் உலகம் முழுவதும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். 

இந்த எல்லா மொழிகளும் ஒலியை வாங்கிக்கொண்டன. பொருள் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ஸ்டீபன் என்று அழைக்கிற இங்கிலீஷ்காரருக்கு அந்த ஒலியில் கண்ணியும் தெரியாது, தழையும் தெரியாது. நம் பழைய கத்தோலிக்கர் வேறு வழியில் போனார்கள். பவுலுஸ் என்றால் லத்தீனில் சின்னவர், சின்னப்பர் என்றார்கள். யோவான் என்றால் ஆண்டவர் அருள்கூர்ந்தார், அருளப்பர் என்றார்கள். அந்திரேயாவில் ஆண்மையும் வலிமையும் இருக்கின்றன, பெலவேந்திரர் ஆனார். 1726இல் முடிந்த தேம்பாவணியில் வீரமாமுனிவர் யோசேப்பை வளன் என்றே பாடினார். ஸ்தெஃபனோஸ் முடியப்பர் ஆனார். கூந்தலில் பூ முடிவதும் தலையில் முடி சூடுவதும் தமிழில் ஒரே சொல். சுற்றிக் கட்டுவது, சூடுவது என்ற இரண்டு பொருளும் கிரேக்கச் சொல்லில் எப்படிச் சேர்ந்திருந்தனவோ அப்படியே இதிலும் சேர்ந்திருக்கின்றன.

பெயரை இப்படிப் பொருளோடு மொழிமாற்றுவது நாட்டுப்புறத்துக் கைவேலை என்றுதான் நினைத்திருந்தேன். விவிலியமே அதைத்தான் செய்திருக்கிறது. கேபா என்ற அரமேயப் பாறை கிரேக்கத்தில் பேதுரு ஆனது. தோமாவை யோவான் நற்செய்தி திதிம், இரட்டையர், என்று பெயர்த்துச் சொல்கிறது. யோப்பாவின் தபித்தாவைத் திருத்தூதர் பணிகள் நூல் தொற்கா என்கிறது. இரண்டுக்கும் மான் என்றே பொருள். ஆனால் 1995இல் வந்த தமிழ் விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் பேதுரு, பவுல், ஸ்தேவான் என்று ஒலிப்பெயர்களே இருக்கின்றன. அதற்கு நியாயம் இருக்கலாம். நான் செய்ததற்கு அந்த நியாயம் பொருந்தாது. கிரேக்கப் பெயரின் உயிரைத் தமிழில் காப்பாற்றிய ஒரு பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டு, அர்த்தம் தேய்ந்துபோன ஓர் ஒலியை மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

கிரேக்கர் பெயர் வைத்த முறையைப் படித்தபோது இன்னொன்றும் உறைத்தது. பத்தாம் நாள் விருந்தில் குழந்தைக்குப் பெயர் சூட்டுவார்கள்; தலைப்பிள்ளைக்குப் பெரும்பாலும் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். ஏதென்ஸில் மான்டிதியஸ் என்பவர் இதற்காக நீதிமன்றமே போனார். அப்பா தனக்கு இட்ட தாத்தா பெயரையே, வேறொரு தாய்க்குப் பிறந்த சகோதரனும் தன் பெயராகப் பதிந்துகொண்டான் என்பது அவர் வழக்கு. அந்த வாதுரை டெமாஸ்தனிஸின் உரைகளில் ஒன்றாக இன்றும் இருக்கிறது. தாத்தாவின் பெயர் எனக்கா உனக்கா என்று அங்கே பிள்ளைகள் சண்டை போட்டார்கள்.

நமக்கும் அதே வழக்கம்தான். பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன், பேரன். என் மகன் பிறந்தபோது, தாத்தா பெயரை வைக்கும் பேச்சு எழுவதற்கு முன்பே ஒரு புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்து மருத்துவமனையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா ரயிலேறி வந்து சேர்ந்தார். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்ன பேரு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். வாயில் நுழையவில்லை. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தன் பேரனின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் பட்ட பாட்டைக் கண்முன்னே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் நடந்தபோது அப்பா எங்களோடு சென்னையில் இருந்தார். துப்பாக்கி சுடுதலில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அந்த ஒலிம்பிக்கில் பதக்கத்தோடு ஒலிவக் கண்ணியும் சூட்டினார்கள். "மெடலு சரி. தலையில எதுக்குத் தழைய வைக்கிறாங்க?" என்றார் அப்பா. "ஒலிவ மரத்து இலைப்பா. அந்த ஊரு வழக்கம்" என்று செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னேன். "வாடிப் போயிரும்ல?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், போட்டியில் ஓடுகிறவர்கள் அழிந்துபோகும் முடிக்காக உழைக்கிறார்கள் என்று சொல்லும் இடத்தில் உள்ள சொல் ஸ்தெஃபனோஸ். கொரிந்தில் இருந்தவர்களுக்குப் பக்கத்து இஸ்த்மியாவின் காய்ந்த தழை நன்றாகத் தெரியும். அப்பா கேட்டதும் அதையேதான். அவர் பெயரை அவர் கண்முன்னே இன்னொருவர் தலையில் சூட்டினார்கள். அதைச் சொல்லக்கூடிய அறிவு எனக்கு இல்லை. அறிவு இல்லாததை மன்னித்துவிடலாம். நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லக்கூட மனமில்லாமல் இருந்தேனே, அதை என்ன செய்வது?

அப்பா இறந்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தேன். கோயில் புத்தகத்திலும் என் பள்ளிச் சான்றிதழிலும் முடியப்பன். நான் நிரப்பிய காகிதங்களில் எல்லாம் ஸ்டீபன். முத்திரைத்தாளில் உறுதிமொழி வாங்கி வரச் சொன்னார்கள். தட்டச்சு செய்த பெண் வழக்கமான வாசகத்தில் இரண்டு பெயரையும் நிரப்பினாள். முடியப்பன் (எ) ஸ்டீபன் என்று அழைக்கப்படும் இருவரும் ஒரே நபரே என உறுதி கூறுகிறேன். "ஏன் சார் ரெண்டு பேரு?" என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்டார். "வீட்ல ஒண்ணு, வெளியில ஒண்ணு" என்றேன். அதுவும் பொய். வீட்டிலும் வெளியிலும், கோயிலிலும் மார்க்கெட்டிலும் அவருக்கு ஒரே பெயர்தான். ஸ்டீபன் என்று அவரை ஒரு மனிதர்கூட வாயால் கூப்பிட்டதில்லை. அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாத ஒரு பெயரை அவர்மேல் எழுதி வைத்தேன்.

கல்லறைக் கல்லில் என்ன எழுதுவது என்று அம்மா என்னிடம் கேட்கவில்லை. கல் செதுக்குகிறவரிடம் நேராகவே சொல்லிவிட்டார்கள். முடியப்பன் என்றுதான் இருக்கிறது.

இதோடு முடித்தால் நான் திருந்தியவனாகத் தெரிவேன். சொல்லாமல் விடக்கூடாதது ஒன்று பாக்கி இருக்கிறது. கிரேக்கக் கதையெல்லாம் படித்த பிறகு, அலுவலகத்தில் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தேன். எங்கப்பா பெயர் கிரேக்கப் பெயர் தெரியுமா, ஒலிம்பியா தெரியுமா, டெமாஸ்தனிஸ் தெரியுமா என்று. கேட்டவர்கள் வியந்தார்கள். முடியப்பன் என்ற பெயரைச் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பெருமை சில வாரம் நீடித்தது. ஒருநாள் ஒரு நண்பர், "அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார். "மார்க்கெட்டில் பிசினஸ்" என்று நாக்கு தானாகச் சொன்னது.

அப்போதுதான் புரிந்தது, நோய் இடம் மாறியிருக்கிறதே தவிர விடவில்லை என்று. முன்பு இங்கிலீஷால் அப்பாவை மூடினேன். இப்போது கிரேக்கத்தால் மூடுகிறேன். ஸ்தெஃபனோஸ் என்றால் முதலில் வளையம், அப்பா தலையில் இருந்த சும்மாடும் வளையம்தான், அதுவே அவருடைய மகுடம் என்று எழுதிவிடலாம். எழுதியும் பார்த்தேன். படிக்க நன்றாக இருந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன். சும்மாடு மகுடம் அல்ல. பாரம் மண்டையைக் குத்தாமல் இருக்க வைத்துக்கொள்ளும் பழந்துணி. அது அவர் முடியைத் தின்றது, கடைசிக் காலத்தில் கழுத்தெலும்பைத் தேய்த்து இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்தது. அந்த வலிக்கு மேல் தழை சூட்டி அழகு பார்க்கும் உரிமை, அந்தத் தலையைப் பார்த்து வெட்கப்பட்டவனுக்குக் கிடையாது.

முடியப்பன் என்பதற்குக் கிரேக்க வேரே இல்லாமல் போயிருந்தாலும், அது வெறும் ஊர்ப் பெயராக, பொருளில்லாத பெயராகவே இருந்திருந்தாலும், நான் செய்தது அதே தவறுதான். அவரைப் பெற்றவர்கள் கூப்பிட்ட பெயர் அது. அந்தப் பெயரில் கூலி வாங்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். அந்த மரியாதைக்கு ஒலிம்பியாவின் சாட்சி தேவையில்லை. சாட்சி கிடைத்த பிறகே தலை நிமிர்ந்தேன் என்பதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய கடைசிக் குற்றம்.

பிசினஸ் என்று நான் சொல்லியிருந்த நண்பரிடம் மறுநாளே போய், சுமை தூக்கினார் என்று திருத்திச் சொன்னேன். என் மகன் இப்போது வளர்ந்துவிட்டான். அவனிடமும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், பத்திரிகை முதல் முத்திரைத்தாள் வரை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாத்தா பேரை எனக்கு ஏன்ப்பா வைக்கல?" என்றான். மொழி, காலம், பள்ளிக்கூடத்துக் கேலி என்று காரணங்கள் வாய்வரை வந்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "வெட்கப்பட்டேன்டா" என்றேன். கல்யாணப் பத்திரிகையில் விரலை வைத்து அப்பா கேட்ட அன்று, ஒரே பேருதான் என்று சொல்லாமல் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அவர் மன்னித்திருப்பார். நான் கேட்கவே இல்லை.